ஏஜென்சிக்காரரிட்ட உண்மையச் சொல்லுங்க

அந்த வீடியோவை இண்டைக்குக் காலையில மட்டும் 11 பேர் எனக்கு அனுப்பியிருக்கீங்க. முழுசாப் பார்த்தன். "ஏஜென்சிக்காரன் எல்லாரும் கள்ளன்" எண்டு, எங்கட ஏஜென்சியில கட்டார் வேலைக்குக் குடுத்து எடுபடாமப் போன அந்தத் தம்பி சொல்ல, கீழ எங்கட ஊர் ஆக்களே இதயம் போட்டு வச்சிருக்கீங்க. மட்டக்களப்பில வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புற இந்த வேலை செய்யத் தொடங்கி எனக்கு 12 வருசம். எழுதாம இருக்க மனசு விடுதில்ல.

அவர் சொல்லாம விட்டதை நான் சொல்றன். அவர்ட சிவியை நாங்க கட்டார் கொம்பனிக்கு அனுப்பின அதே கிழமை, கல்முனையில ஒரு ஏஜென்சியும் கொழும்பில ஒண்டும் அதே சிவியை அதே கொம்பனிக்கு அனுப்பியிருக்கு. ஒரே ஆள் மூண்டு பக்கத்தால வந்தா கமிஷன் யாருக்கு எண்ட இழுபறி வரும். அந்தக் கரைச்சலே வேணாமெண்டு கொம்பனி ஆளையே வெட்டிவிடும். "வேற எங்கயும் குடுத்தீங்களா தம்பி?" எண்டு முதல் நாளே கேட்டன். "இல்ல மிஸ்" எண்டார்.

பத்து இடத்தில குடுங்க, நான் கோவிக்க மாட்டன். எந்தக் கொம்பனிக்கு யார் அனுப்பினாங்க எண்டதை மட்டும் சொல்லுங்க. உண்மையச் சொல்லுங்க. 12 வருசமா நான் கேக்கிறது இது ஒண்டுதான்.

முந்தி செங்கலடிப் பக்கத்துப் பொடியன் ஒருவர் வந்தார். சிவியில "மேசன், 5 வருசம்" எண்டு இருந்திச்சு. கொழும்பில ட்ரேட் டெஸ்ட், அதான் கொம்பனி வேலையைச் செய்யச் சொல்லிப் பார்க்கிறது, நானும் கூடப் போனன். மூலைச் சுவர் ஒண்டு கட்டச் சொன்னாங்க. கரண்டியைப் பிடிச்ச விதத்திலயே எனக்கு விளங்கிட்டு. மூண்டாவது வரியில கல் வெளியால தள்ளிக்கொண்டு நிக்குது. தூக்குக்குண்டைக் கையில எடுத்தவர், எங்க பிடிக்கிறதெண்டு தெரியாம என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. பஸ்ஸில வரக்கதான் சொன்னார், மாமாவோட கையாளாத்தான் நிண்டவராம். டெஸ்ட் வச்ச அதே கொம்பனிக்கு அப்ப ஹெல்பர் 20 பேர் தேவை. அந்த லிஸ்ட் என்ட பேக்குக்குள்ளயே கிடந்தது. முதலே சொல்லியிருந்தா அவர் அண்டைக்கே எடுபட்டிருப்பார்.

"அப்ப கள்ள ஏஜென்ட் இல்லையா?" எண்டு கேப்பீங்க. இருக்காங்க. பீரோ, அதான் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், அதின்ட லைசன்ஸ் இல்லாம ஆள் அனுப்பக் கூடாதெண்டு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமே இருக்கு. இருந்தும் 2022இல வேலைக்கெண்டு ஏமாந்து விசிட் விசாவில ஓமானுக்குப் போன பொம்பிளைப் பிள்ளைகள் பட்ட பாடு தெரியும்தானே. லைசன்ஸ் நம்பரைக் கேளுங்க, பீரோட 1989 நம்பருக்குக் கோல் எடுத்துப் பாருங்க, வீட்டு முத்தத்தில வந்து நிண்டு காசு கேக்கிறவருக்கு ரசீது இல்லாம ஒரு ரூபாயும் குடுக்காதீங்க. என்னையும் அப்படியே கேளுங்க.

"உங்களுக்குக் கமிஷன் வருதுதானே?" ஓம், வருது. கொம்பனி தருது. ஆள் 3 மாசத்துக்குள்ள விட்டுட்டு வந்தா, காசில்லாம வேற ஆள் குடுக்கிறது என்ட பொறுப்பு. ஒத்துவராத வேலைக்கு உங்களைத் தள்ளிவிட்டு எனக்கு என்ன லாபம், சொல்லுங்க?

ராத்திரி 11 மணிக்கும் உங்கட கோல் எடுக்கிறன். இன்டர்வியூவுக்கு வர ஏலாட்டி "வரல்ல மிஸ்" எண்டு ஒரு வொய்ஸ் போட உங்களுக்கு ஏலாதா? "இந்தப் பொடியனுக்கு நான் பொறுப்பு" எண்டு கொம்பனிக்காரர் முன்னால சொன்ன வாய் இது. நீங்க சொல்லாமக் கொள்ளாம நிண்டா, மறுகா மட்டக்களப்பு ஆள் எண்டாலே அவங்க யோசிக்கிறாங்க. உங்களுக்குப் பின்னால வரிசையில நிக்கிற பொடியன்ட வேலைதான் அதில போகுது.

வீடியோ போட்ட தம்பிட அம்மா, மகன் முதல் இன்டர்வியூ பாஸ் பண்ணின அண்டு, வெயிலுக்குள்ள பஸ் ஏறி, மடியில தயிர்ச்சட்டி ஒண்டை வச்சுக்கொண்டு ஒபிசுக்கு வந்தவ. "நீங்கதான் புள்ள என்ட மகனுக்கு வழி காட்டினது" எண்டு என்ட கையைப் பிடிச்சவ. நேத்து மார்க்கட்டில மரக்கறிக் கடைக்கு முன்னால கண்டன். "அம்மா" எண்டு கூப்பிட்டன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிட்டா.

தம்பி, இதை வாசிச்சா அம்மாட்ட நடந்ததைச் சொல்லுங்க. உங்கட பைல் இன்னும் என்ட மேசையிலதான் கிடக்கு.