சீல் உடையாத பெட்டி பாதுகாப்புக்குச் சான்று அல்ல

ஹார்டுவேர் வாலட் என்பது கிரிப்டோ காயின்களைச் செலவிடத் தேவையான ரகசியச் சாவியை வைத்திருக்கும் சிறு கருவி. அந்தச் சாவியை மீட்க உதவுபவை 24 சொற்கள். "ஹோலோகிராம் சீல் உடையாமல் இருந்தால் ஹார்டுவேர் வாலட்டை நம்பலாம், அட்டையில் அச்சிட்டு வந்த 24 சொற்களையே பயன்படுத்தலாம்" என்று சொல்வது ஆபத்தான தவறு. அந்தச் சொற்களை அச்சிட்டவரிடம் உங்கள் சாவி ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் காயின் போட்டதும் எடுத்துவிடுவார். கருவி அவர் கையில் இருக்க வேண்டியதே இல்லை.

சீலைப் போலியாக அச்சிடுவது எளிது. இந்தக் கருவிகளைத் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனம் சீல் ஒட்டாததற்கு அதுவே காரணம். 2021இல் அந்த நிறுவனத்தின் பெயரில், உறைகூடப் பிரிக்காத போலிக் கருவிகள் பயனர்களுக்குத் தபாலில் வந்தன.

புதுக் கருவியில் பின் எண்ணோ சொற்களோ முன்பே இருக்கக் கூடாது. இருந்தால் திருப்பி அனுப்புங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் நீங்களே இறக்கிய செயலியால் அது அசல்தானா என்று சோதியுங்கள். சொற்களைக் கருவியே உருவாக்கித் திரையில் காட்ட வேண்டும். காகிதத்தில் எழுதுங்கள், போட்டோ எடுக்கவே வேண்டாம். பிறகு கருவி காட்டும் முகவரிக்குச் சிறு தொகை அனுப்பி, கருவியை ரீசெட் செய்து, சொற்களைக் கருவியிலேயே உள்ளிட்டு மீட்டுப் பாருங்கள். பலர் தவிர்த்துவிடும் படி இதுதான். அதே முகவரி வந்தால் மட்டும் மீதியை அனுப்புங்கள்.

அட்டைச் சொற்களை ஏற்கெனவே பயன்படுத்தியவர்கள் பின்னை மாற்றிப் பயனில்லை. வேறு நம்பகமான கருவியில் புதுச் சொற்கள் உருவாக்கி, அதன் முகவரிக்கு இன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.