மெரைன் ப்ளையாம், மண்ணாங்கட்டி!

தண்ணீரைத் தாங்கும் ப்ளைவுட்டுக்குத்தான் அந்தப் பெயர்; அதற்கான தர எண் ஐ.எஸ். 710 என்று பலகையில் முத்திரையும் இருந்தது. "72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போட்டு டெஸ்ட் பண்ற தரம் சார், ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். நான் யானை செய்யத்தான் கேட்டேன், அதை வேகவைக்க இல்லை. ரம்பத்தைத் தாங்குமா என்று சொல்லுங்களய்யா!

அக்கா மகள் அறைக்கு 12 மி.மீ. ப்ளைவுட்டில் ஒரு யானை. அவ்வளவுதான் ஆசை. பால்கனியில் வாஷிங் மெஷின் குடியிருக்கிறது. ஆகவே ஹாலில் இரண்டு ஸ்டூல், மேலே பலகை, ஒரு முனையை சி-கிளாம்ப் பிடித்திருக்க, மறுமுனையை என் முழங்கால் பிடித்திருந்தது. வீடியோக்காரர்கள் மட்டும் கல்யாண மண்டபம் அளவு கொட்டகையில் நின்றுகொண்டு "வீட்டிலேயே செய்யலாம்" என்பார்கள். யார் வீட்டில்?

ஜிக்சா, அதாவது வளைவு வெட்டும் கை மின்ரம்பம், கீழிருந்து மேலாக வெட்டும், மேல்பக்கம் பிய்யும். அது தெரிந்துதான் படத்தைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வரைந்தேன். கோடு நெடுக மாஸ்கிங் டேப். வளைவுக்கென்று ஒல்லி பிளேடு. பிளேடை முன்னும் பின்னும் ஆட்டும் பெண்டுலம் பூஜ்யத்தில். காது வந்தது. முதுகு வந்தது. வால்கூட வந்துவிட்டது. தும்பிக்கையின் வெளிவளைவை முடித்து உள்வளைவில் திரும்புகிறேன், காலிங் பெல்.

கீழ்வீட்டு சார். "தம்பி, மேல என்ன ஃபேக்டரியா?"

"அஞ்சு மணி வரைக்கும் அசோசியேஷன்ல அனுமதி உண்டு சார். இன்னும் அஞ்சு ஆகல."

"நான் தூங்குறேன்ல?"

தூங்குகிறவர் எப்படி சார் மாடியேறி வந்தீர்கள்? கேட்கவில்லை. சிரித்து அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலேயே பிளேடை வைத்து, மெதுவாக, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு தள்ளுகிறேன். திடீரென்று கைக்கு எதிர்ப்பே இல்லை. பிளேடு துள்ளியது, பலகை அதிர்ந்தது, டொக்! தும்பிக்கை சோபாவுக்கு அடியில்.

எடுத்துப் பார்த்தால் நடு அடுக்கில் விரல் நுழையும் பொந்து. மேலேயும் கீழேயும் வழவழவென்று தோலை ஒட்டி மூடியிருக்கிறார்கள். அத்தனை பெரிய பலகையில் அதற்கு என் தும்பிக்கைதான் கிடைத்ததா?

கடைக்குக் கொண்டுபோனேன். "நீங்க கார்ப்பென்டர்கிட்ட குடுத்திருக்கணும் சார்." ஓஹோ! கார்ப்பென்டரைக் கண்டால் பொந்து மரியாதையாக எழுந்து வழிவிடுமோ?

பலகைக் காசு போயிற்று. ஃபேன் இறக்கை, ஜன்னல் கம்பி, இட்லி மாவுப் பாத்திரத்தின் மூடி, எங்கு தொட்டாலும் தூள். இதில் வாட்ஸ்அப் குழுவில் வேறு "சிலர் பகல் நேரத்தில் சத்தம் எழுப்புகிறார்கள்" என்று ஒரு செய்தி. யார் போட்டது என்று சொல்ல வேண்டுமா? சரி சார், தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு உங்கள் கார் ரிவர்ஸ் எடுக்கும்போது குழாயடி வரை கேட்கும்படி ஒரு பாட்டுப் பாடுகிறதே, அது எந்த அனுமதியில் சார் பாடுகிறது?