கான் ரயிலின் ஜன்னலில் பழைய கான் பாதை தெரியாது

டெல்லியிலிருந்து ஆஸ்திரேலியா கிளம்பும் நண்பர்களுக்கு, ‘தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா மண்சாலையில் கார் ஓட்ட வேண்டாம், அடிலெய்டு–டார்வின் கான் ரயிலில் ஏறினாலே பழைய கான் பாதையின் கைவிடப்பட்ட நிலையங்களை ஜன்னல் வழியே பார்க்கலாம்’ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியல்ல. பெயர் ஒன்று, பாதை வேறு.

மரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா ஊர்கள் வழியாகப் போன பழைய 1067 மி.மீ. அகலத் தண்டவாளப் பாதை வெள்ளத்தில் அடிக்கடி அரித்துப்போனது; 1980-ல் மூடிவிட்டார்கள். அதே ஆண்டு, மேற்கே தள்ளி, டார்கூலாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு 1435 மி.மீ. அகலப் புதுப் பாதை வந்தது. இன்றைய கான் ஓடுவது அதில்தான். வில்லியம் கிரீக்கிலிருந்து மேற்கே கூபர் பீடிக்குச் சாலைவழி சுமார் 166 கி.மீ.; தண்டவாளம் அதையும் தாண்டி ஏறக்குறைய 40 கி.மீ. தள்ளி, மங்குரியில் இருக்கிறது. கோட்டா வழி மும்பை ராஜ்தானியில் உட்கார்ந்து, வேறு பாதையில் இருக்கும் ஜான்சியைத் தேடுவது போலத்தான்!

நீங்களே பார்த்துவிடலாம். வரைபடச் செயலியைச் செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றி, டார்கூலாவிலிருந்து தண்டவாளத்தைப் பிடித்து வடக்கே நகருங்கள். மங்குரி வரும், மார்லா வரும்; ஊட்னடாட்டா வராது. பிறகு பழைய பாதையின் அல்கெபக்கினா பாலத்தைத் தேடுங்கள். 578 மீட்டர் இரும்புப் பாலம், ஊட்னடாட்டாவுக்குத் தெற்கே தனியாக நிற்கும். அதை நேரில் பார்க்க வேண்டுமானால் மரீ முதல் மார்லா வரை சுமார் 620 கி.மீ. மண்சாலைதான் வழி. மழை பெய்தால் அதையும் மூடிவிடுவார்கள், தேதியில் இரண்டு நாள் இடம் விட்டு டிக்கெட் போடுங்கள்.