அந்த ஓர் ஏகாரம்

மனம் மறைத்து வைப்பதைப் பேச்சின் வழியே தேடும் உளப்பகுப்பாய்வு முறையில் கதையைப் படிப்பதென்றால் எழுத்தாளரின் குழந்தைப் பருவத்தைத் தோண்டுவதுதான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. எழுதியவர் நம் முன் படுத்துப் பேசும் நோயாளி இல்லையே. நம் கையில் இருப்பவை சொற்கள் மட்டும்.

இந்த முறையைத் தொடங்கிய ஃப்ராய்டு 1925இல் மறுப்பைப் பற்றிச் சின்னக் கட்டுரை ஒன்று எழுதினார். கனவில் வந்தது யார் என்ற பேச்சு எழுந்ததும் "என் அம்மா இல்லை" என்கிறார் ஒருவர். அம்மாவை அங்கே கொண்டுவந்ததே அந்த மறுப்புதான். கதையிலும் ஒரு பாத்திரம் "எனக்குக் கோபம் இல்லை" என்றால் சரி, கடந்துவிடலாம். "கோபமே இல்லை" என்றால்? யாரும் கேட்காதபோது அந்த ஏகாரம் யாருக்குப் பதில் சொல்கிறது? இரண்டு பக்கம் தள்ளி அதே ஆள் அதையே திரும்பச் சொன்னால் நான் பென்சிலை எடுத்துவிடுவேன். அங்கேதான் எனக்குக் கதை தொடங்குகிறது.

அப்புறம், பிள்ளைக்குத் தாய்மேல் ஆசையும் தந்தைமேல் பகையும் உண்டு என்று ஃப்ராய்டு சொன்ன ஈடிபஸ் சிக்கலை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு படித்தால் எல்லாக் கதையும் ஒரே கதையாகிவிடும் என்று அந்தக் கட்டுரை தரும் எச்சரிக்கை மிகச் சரி. ஆனால் அது அவசர வாசிப்பின் குற்றம். ஃப்ராய்டுக்குப் பின் வந்த பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கானே, கனவில் பல எண்ணங்கள் ஒரே உருவில் திரளும் செறிவாக்கத்தை உருவகத்தோடும், ஒன்றின் அழுத்தம் இன்னொன்றுக்கு நகரும் இடப்பெயர்ச்சியை ஆகுபெயரோடும் சேர்த்துத்தான் படித்தார். அவரும் பார்த்தது சொற்களின் வேலையைத்தான்.