கடன் வாங்கிய இயந்திரமும் சொந்தச் சூடும்

அறிபுனைப் போர்விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, எது எங்கிருந்து சுடப்பட்டது என்ற பட்டியல் வந்து விழுந்துவிடுகிறது. நான் பொழுதுபோக்காக எழுதிவரும் விண்வெளிப் போர் விதிகளை அண்மையில் ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தைத் தாண்டுவதற்குள் ஏழு இடங்களில் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் மூலத்தை ஓரத்தில் குறித்துத் திருப்பித் தந்தார். ஏழும் சரி. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனாலும் அவர் வட்டமிட்டவை எல்லாம் பெயர்களும் தோற்றங்களுமே தவிர, விதிகளை அவர் உரசிப் பார்க்கவில்லை. ஒரு விளையாட்டின் சொந்தச் சரக்கைத் தேடும்போது நாம் வழக்கமாகத் தவறான பெட்டியையே திறக்கிறோம் என்பது என் எண்ணம்.

ராட்சத இயந்திரங்களை மேசையில் வைத்துப் பகடை உருட்டி மோதவிடும் பேட்டில்டெக் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். சிகாகோவைச் சேர்ந்த ஃபாசா நிறுவனம் 1984-இல் இதை 'பேட்டில்டிராய்ட்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. 'டிராய்ட்' என்ற சொல்லுக்கு, 'ஸ்டார் வார்ஸ்' படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிம் உரிமை கொண்டாடவே, மறு ஆண்டே பெயர் மாறியது. அது சின்ன இடறல்தான். பெட்டிக்குள் இருந்த ராட்சத இயந்திரங்களில் பல, மேக்ராஸ், டௌக்ராம் போன்ற ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் வந்தவற்றின் அச்சு அசலான உருவங்கள். ஃபாசா அவற்றைத் திருட்டுத்தனமாக எடுக்கவில்லை. ஓர் இறக்குமதி நிறுவனத்திடம் உரிமம் வாங்கியே பயன்படுத்தியது. ஆனால் மேக்ராஸின் அமெரிக்க உரிமை தன்னிடம் இருப்பதாகச் சொன்ன ஹார்மனி கோல்டு நிறுவனத்துடன் ஏற்பட்ட வழக்கு 1996-இல் சமரசத்தில் முடிந்தபோது, அந்தப் படங்கள் அனைத்தையும் புத்தகங்களிலிருந்து எடுத்துவிட வேண்டியதாயிற்று. ரசிகர்கள் அவற்றுக்கு 'அன்சீன்', அதாவது கண்ணில் படாதவை, என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்படிக் காணாமற்போனவற்றில் ஒன்று மரோடர். 75 டன் எடை. மேக்ராஸில் எதிரிப் படை அதிகாரி ஏறிவரும் வாகனத்தின் அதே உடல், அதே கால்கள். அதை மேசையில் வைத்து ஆடிப் பார்த்தால் கதை வேறு. அதன் இரண்டு துகள் பீரங்கிகளில் ஒவ்வொன்றும் சுடும்போது 10 அலகு வெப்பத்தை உண்டாக்கும். நடந்துகொண்டே இரண்டையும் சுட்டால் 21 அலகு. உடலில் உள்ள 16 ஹீட் சிங்குகள், அதாவது வெப்பம் தணிக்கும் கருவிகள், 16 அலகை உறிஞ்சியது போக 5 மிஞ்சும். அடுத்த நகர்வில் ஓர் அறுகோணக் கட்டம் குறையும். ஆசைப்பட்டு இரண்டு லேசர்களையும் சேர்த்துச் சுட்டால் மிச்சம் 11. நகர்வில் இரண்டு கட்டம் போகும், குறியும் தவறத் தொடங்கும். மறுசுற்றிலும் அதே ஆசைக்கு இடம் கொடுத்தால் வெப்ப அளவுகோல் 22-ஐத் தொடும்; இரண்டு பகடைகளில் 8 அல்லது அதற்குமேல் விழாவிட்டால் இயந்திரம் எதிரியின் முன்னே அணைந்து நிற்கும்; போதாக்குறைக்கு வயிற்றில் இருக்கும் வெடிமருந்துக்கும் தனியாகப் பகடை உருட்ட வேண்டும்.

ஜப்பானியத் தொடர் எதுவும் தராத அனுபவம் இது. எதிரியைவிடத் தன் பேராசையே தன்னைக் கொல்லும் என்ற பதற்றத்தை ஒரு கூட்டல் கழித்தல் கணக்கிலிருந்து வரவழைத்தார்களே, அதுதான் அந்த விளையாட்டின் சொந்தச் சொத்து. இதற்கு நான் வாதாட வேண்டிய தேவையே இல்லை, வழக்கே நிரூபித்துவிட்டது. இரவல் வாங்கிய உருவங்கள் அத்தனையும் பறிபோன பிறகும் ஆட்டக்காரர்கள் அதே வெப்ப அளவுகோலை வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் புதிதாக வரையப்பட்ட மரோடர் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தபோது விதியில் ஓர் எண்கூட மாற வேண்டியிருக்கவில்லை.

ஸ்டீவ் ஜாக்சன் வடிவமைத்து 1977-இல் வெளிவந்த 'ஓகர்' விளையாட்டும் இதே வகைதான். தானாகச் சிந்திக்கும் மாபெரும் டாங்கி என்ற கற்பனையை அறிபுனை எழுத்தாளர் கீத் லாமரின் கதைகள் அதற்கு முன்பே சொல்லிவிட்டன. ஒரு பக்கம் ஒரே ஒரு காய், மறுபக்கம் ஒரு படை முழுவதும் என்று எதிரெதிரே நிறுத்தி இரண்டையும் சமபலமாக்கியதுதான் ஜாக்சனின் கைவரிசை.

வார்ஹேமர் 40,000 என் வாதத்தைச் சற்றுச் சங்கடப்படுத்துகிறது, மறைப்பானேன். நாட்டிங்காமைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் வொர்க்ஷாப் 1987-இல் ரிக் பிரீஸ்ட்லியின் வடிவமைப்பில் வெளியிட்ட இந்த விளையாட்டில், பட்டதா என்று ஒரு பகடை, காயமா என்று ஒரு பகடை, கவசம் காத்ததா என்று ஒரு பகடை என்ற விதிமுறை, அவர்களுடைய பழைய மாயாஜாலப் போர் விளையாட்டிலிருந்தே வந்தது. அதன் கதை உலகமோ கலவைச் சோறு. அரியணையில் உறைந்த பேரரசரும் வழிகாட்டும் நேவிகேட்டர்களும் 'டூன்' நாவலை நினைவூட்டுவார்கள்; 'கேயாஸ்' எனும் குழப்பச் சக்திகளின் எட்டு அம்புச் சின்னம் எழுத்தாளர் மைக்கேல் மூர்காக்கிடமிருந்து வந்தது; ஜீன்ஸ்டீலர் என்ற வேற்றுலகக் கொடும்பிராணிகளைப் பார்த்தவர்கள் 1979-இல் வந்த 'ஏலியன்' படத்தைக் கேட்காமலே சொல்வார்கள். இங்கே புதுமை விதியில் இல்லை, கலந்த விகிதத்தில் இருக்கிறது. தொழில்நுட்பத்தை மந்திரமாகவும் அறியாமையைப் பக்தியாகவும் கொண்டாடும் அந்த அழுகிய பேரரசை, எடுத்த எந்த மூலத்திலும் முழுசாகக் காண முடியாது. அதைச் சொந்தம் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

எனக்கு ஒட்டாதது அந்த நிறுவனம் பிற்காலத்தில் நடந்துகொண்ட விதம். 2012 டிசம்பரில், தன் விளையாட்டின் விண்வெளி வீரர்களைக் குறிக்கும் 'ஸ்பேஸ் மரீன்' என்ற சொல் தன் வணிகக்குறி என்று அது புகார் செய்ததால், தலைப்பில் அச்சொல்லை வைத்திருந்த ஒருவரின் மின்னூல் அமேசானிலிருந்து எடுக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2013 பிப்ரவரியில் திரும்பி வந்தது. அந்தச் சொல்லோ 1932-லேயே அமெரிக்க அறிபுனை இதழொன்றில் கதைத் தலைப்பாக அச்சேறிவிட்டது. ஊரெல்லாம் கடன் வாங்கிக் கட்டிய வீட்டுக்கு முள்வேலி போடுவதென்றால், வாங்கிய செங்கல்லுக்காவது போடாமல் இருக்கலாம்.

இந்த ஏளனத்துக்கு நடுவே ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. செவ்வாய் வாசிகளை இங்கிலாந்தில் இறக்கிய எச். ஜி. வெல்ஸ்தான் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற பெயரில் பொம்மைச் சிப்பாய்ப் போருக்கு விதி எழுதினார். இரண்டும் அவர் கையிலேயே இருந்தும், தம் செவ்வாய் வாசிகளை அவர் அந்தப் பொம்மைப் போரில் இறக்கவில்லை. யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரே மனிதர்!

நண்பர் போன பிறகு நோட்டை எடுத்து, அவர் வட்டமிட்ட ஏழையும் அடித்துப் பார்த்தேன். பூச்சியினம் போனது, கப்பல் பெயர்கள் போயின, பேரரசும் போனது. மிஞ்சியது ஒரே விதி: தொலைவில் நிற்கும் கப்பலுக்கு இடும் கட்டளை ஒளியின் வேகத்தில்தான் போய்ச் சேரும் என்பதால், இரண்டு சுற்றுகளுக்கு முன்பே அதை எழுதிக் கவிழ்த்துவைக்க வேண்டும். தொலைபேசியில் அவரிடம் இதைச் சொன்னேன். கட்டளையை எழுதிவைப்பது 1959-இல் வந்த 'டிப்ளமசி' என்ற பலகை விளையாட்டிலேயே இருக்கிறதே என்றார். இருக்கிறதுதான். அங்கே எழுதுவது எதிரிக்குத் தெரியாமல் இருப்பதற்காக. இங்கே அது போய்ச் சேர்வதற்குள் பழசாகிவிடுவதற்காக என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ஆடிப் பார்த்துவிட்டு எட்டாவது வட்டம் போடுவதா வேண்டாமா என்று சொல்கிறேன் என்றார்.