செவ்வாயில் தெரிந்தது முகமல்ல, மலை

"செவ்வாயில் மனித முகச் சிலை இருக்கிறது, நாம் அங்கிருந்து வந்தவர்கள்" என்ற வட்ஸ்அப் செய்தி கிளிநொச்சிப் பக்கம் மறுபடி சுற்றுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை உண்மையா என்று கேட்டதால் எழுதுகிறேன். அது பொய்.

படம் 1976இல் வைக்கிங் 1 விண்கலம் எடுத்தது. சூரியன் தாழ்ந்திருந்தபோது விழுந்த நிழல்தான் கண்ணும் வாயும். பின்னேர வெயிலில் வயற்கரைப் புற்று ஆள் குந்தியிருப்பது போலத் தெரியுமே, அதே கதை. 2001இல் மார்ஸ் குளோபல் சேவேயர் என்ற விண்கலம் தெளிவாக எடுத்த படத்தில் வெறும் மலைமேடுதான்.

சரி, நாம் எங்கிருந்து வந்தோம்? மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த மனித இனத்து எலும்புகளுக்கு ஏறக்குறைய 3 இலட்சம் வயது. சிம்பன்சியின் டிஎன்ஏவோடு நம்முடையது 98 வீதத்துக்கு மேல் ஒத்துப்போகிறது. வேறு கிரகத்தில் இருந்து வந்திருந்தால் இந்தச் சொந்தம் எப்படி வரும்?