பிராட்பரி வீடியோவை இனி எனக்கு அனுப்பாதீர்கள்

ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங், அதாவது சின்னப் பனித்தளத்தில் சுற்றிச் சுற்றி ஓடும் வேகப்பந்தயம், என்று வாயைத் திறந்தாலே போதும், எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாராவது அந்த ஆஸ்திரேலியர் வீடியோவைப் போட்டுவிடுகிறார்கள். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக், ஆண்கள் 1000 மீட்டர் இறுதி. கடைசி வளைவில் முன்னால் போன நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சரிய, எல்லாருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்த ஸ்டீவன் பிராட்பரி சாவகாசமாகக் கோட்டைத் தாண்டித் தங்கத்தை வாங்கிக்கொண்டு போனார். "மச்சக்காரன்யா" என்று கீழே நாலு பேர். போன வாரம் ஓர் அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போய், "இது ரேஸா, பிராட்வே பஸ்ஸில் சீட்டு பிடிக்கிற சண்டையா?" என்று கேட்டார். சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கோபமும் வந்தது.

அந்த மச்சக்காரருக்கு 1994-இல் இன்னொரு வீரரின் பிளேடு தொடையைக் கிழித்து 111 தையல் போட்டார்கள். 2000-இல் பயிற்சியின்போது விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. இப்படி ஒரு மச்சம் யாருக்கு வேண்டும்?

சரி, அது போகட்டும். 1000 மீட்டர் என்பது ஒன்பது சுற்று. பின்னால் தொங்கிக்கொண்டே போய், முன்னால் இருப்பவர்கள் முட்டிக்கொள்ளட்டும் என்று காத்திருக்க அதில் நேரம் இருக்கிறது. அதுதான் தன் திட்டம் என்று பிராட்பரியே பிறகு சொல்லியிருக்கிறார். 500 மீட்டரில் அந்தப் பாச்சா பலிக்காது. மொத்தமே நாலரைச் சுற்று, நாற்பது நொடி. டீ ஆற்றிக் குடிப்பதற்குள் முடிந்துவிடும்.

பனித்தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதற்குள் 111.12 மீட்டர் சுற்று. வளைவுகளில் கறுப்பு ரப்பர் கட்டைகளை 8 மீட்டர் ஆரத்தில் வைத்திருப்பார்கள். நம் தெருமுனையில் ஆட்டோ திரும்பும் இடம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் நாலைந்து பேர், தனித்தனிப் பாதை கிடையாது, சராசரி வேகமே மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். உடம்பு அவ்வளவு சாய்வதால் இடது கை பனியைத் தொட்டுக்கொண்டே போகும். அதற்காகவே கையுறையின் விரல் நுனியில் வழுக்கிப்போகிற மாதிரி கெட்டியான பூச்சு இருக்கும். இப்படி ஓடும்போது ஒருவரைத் தாண்ட வேண்டுமென்றால் அவரைவிட வெளியே சுற்ற வேண்டும், அல்லது அவர் அசந்து உள்ளே விடுகிற ஒரு சாண் இடைவெளியில் நுழைய வேண்டும். இரண்டுமே நாலரைச் சுற்றில் லேசில் நடக்காது. ஆகவே துப்பாக்கி வெடித்ததும் முதல் வளைவுக்குள் யார் முதலில் நுழைகிறார் என்பதிலேயே பாதிப் போட்டி முடிந்துவிடுகிறது.

நம் ஆட்கள் கவனிக்காத விஷயம் இங்கேதான் இருக்கிறது. புறப்படும் கோட்டில் உள்பக்க இடம் குலுக்கல் சீட்டில் வருவதில்லை. முந்தைய கட்டப் போட்டியில் வேகமாக ஓடியவருக்குத்தான் அது. காலிறுதியில் "எப்படியும் தகுதி பெற்றாச்சு" என்று கடைசிச் சுற்றில் காலைத் தளர்த்தியவர், அரையிறுதியில் வெளியோரம் நின்று அதற்கு வட்டி கட்டுவார்.

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கின் 500 மீட்டர் இறுதியைத் தேடிப் பாருங்கள். சீனாவின் வூ தாஜிங். அந்த ஒலிம்பிக்கில் அதுவரை சீனாவுக்கு ஒரு தங்கம்கூட இல்லை. அவர்கள் ஆட்களை நடுவர்கள் வரிசையாகத் தகுதிநீக்கம் செய்துகொண்டிருந்தார்கள். பின்னாலேயே சொந்த மண்ணில் ஓடும் இரண்டு கொரியர்கள். வூ புறப்பட்டதும் முன்னால் போனார், யாருக்கும் வழி விடவில்லை, 39.584 நொடியில் உலக சாதனையோடு முடித்தார். யாரும் தன்னைத் தொடவே முடியாத தூரத்தில் இருந்தால் எந்த நடுவரும் கைவைக்க முடியாது.

அதிர்ஷ்டமே இல்லை என்று நான் சாதிக்கவும் மாட்டேன். 2010 வான்கூவர் 500 மீட்டர் இறுதியில் கடைசி வளைவில் கொரியாவின் சங் சி-பேக் விழுந்து சறுக்கிக்கொண்டே கோட்டைக் கடந்து வெள்ளி வாங்கினார். தங்கம் வென்ற கனடாவின் ஷார்ல் ஆம்லான்கூடத் தடுமாறித்தான் முடித்தார். அமெரிக்காவின் ஓனோ தள்ளியதற்காகத் தகுதியிழந்தார். ஆனால் அங்கே விழுந்தவர் எந்த இடத்தில் இருந்து விழுந்தார், அந்த வேகத்தோடு எங்கே போய் நின்றார் என்று பாருங்கள்.

எனக்கு இதெல்லாம் உறைத்தது அக்கா மகனால்தான். அண்ணா நகர் பக்கம் ஒரு பூங்காவில் காலை ஐந்தரைக்கு அவனுக்கு இன்லைன் பயிற்சி, அதாவது ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஸ்கேட்டிங். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வராண்டாவில் பழைய பேப்பரை விரித்து, வீல்களைக் கழற்றி, பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு உட்கார்ந்திருப்பான். எப்போதும் இடப்பக்கமே திரும்பி ஓடுவதால் வலது கால் வீல்கள் உள்பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கும், சாய்வாக நறுக்கின முள்ளங்கி மாதிரி. அதைத் திருப்பிப் போட்டுப் பூட்டுவான். ஐஸில் பிளேடையே இடப்பக்கம் தள்ளிப் பொருத்தி, லேசாக வளைத்தும் விடுகிறார்கள் என்று சொன்னபோது அவன் ஆச்சரியப்படவில்லை. "அப்படித்தான் மாமா இருக்கணும்" என்றான்.

இவனை ஒரு போட்டியில் இன்னொரு பையன் முழங்கையால் தள்ளிவிட்டான். முறையிட்டதற்கு "விளையாட்டில் இதெல்லாம் சகஜம் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். ஷார்ட் டிராக்கில் தகுதி பெறும் இடத்தில் இருந்தவரை ஒருவர் தள்ளிவிட்டால், தள்ளினவரை வெளியேற்றிவிட்டு, விழுந்தவரை அடுத்த சுற்றுக்கு அனுப்ப நடுவருக்கு அதிகாரம் உண்டு. பஸ் சீட்டு சண்டையில் இந்த நியாயம் கிடைக்குமா?

இத்தனைக்கும் 2025-இல் இன்லைனில் 1000 மீட்டர் உலக சாம்பியன் ஆன ஆனந்த்குமார் வேல்குமார் நம்ம சென்னைக்காரர். சக்கரத்தில் நம்மால் முடியும் என்று காட்டியாயிற்று. பனித்தளத்துக்குத்தான் டேராடூன் வரை போக வேண்டியிருக்கிறது.

நேற்று ராத்திரி குழுவில் வூ தாஜிங் வீடியோவைப் போட்டேன். காலையில் அண்ணனின் பதில்: "முழுசாப் பார்த்தேன் தம்பி. யாரும் விழவே இல்லையேப்பா?"